நிமிடத்துக்கு ஆறாயிரத்து முந்நூறு சுற்று

எங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். திருச்சியில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கல்லூரி வாசலில்தான் விழ வேண்டும், அதனால் நீங்களும் கண்டுபிடிக்க மாட்டீர்கள். அங்கே சமூகப்பணித் துறையில் நான் உதவிப் பேராசிரியை. பெயர் ஜாஸ்லின். இன்னும் ஒரு வருடத்துக்கு நான் தேவை என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்கள். ஆறு ஜூன்கள் போட்டுவிட்டார்கள். ஏழாவது ஜூனுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என் லேப்டாப் டிக், டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது.

என் லேப்டாப் என்று சொன்னது தவறு. அது கல்லூரியின் லேப்டாப். மூடியின் மேல் வெள்ளை பெயின்ட்டில், பெஞ்சுக்கும் நாற்காலிக்கும் போடுவது போலவே, ஓர் எண் எழுதியிருக்கிறது. உள்ளே இருந்தது மட்டும்தான் என்னுடையது. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் வேலை பார்க்கிற நாற்பத்தொரு பேரோடு இரண்டு வருடம் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்த குரல்கள். அதில்தான் என் முனைவர் பட்டமும் இருந்தது.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவர் மருதை. நெல் அவிக்கும் தொட்டியடியில் இருபத்தாறு வருடம் நின்றவர். ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். பாதி இருமல், பாதி சிரிப்பு. பங்குனியில் இறந்துபோனார். பத்து நாள் கழித்து அவருடைய மகள் வளர்மதி எனக்குப் போன் செய்தாள்.

"மேடம், அப்பா போட்டோ நாலஞ்சு இருக்குங்க. பேச்சு ஒண்ணுகூட இல்ல. பட்டன் போன்தானே வச்சிருந்தாங்க. உங்ககிட்ட பேசினதை ஒரு தடவ கேக்கலாமுங்களா?"

ஒரு வாரத்தில் தருகிறேன் என்று சொன்னேன். சொன்ன மறுநாள்தான் டிக், டிக்.

வேறு பிரதி இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். பதிவுக் கருவியும் கல்லூரியுடையது. அதைக் காலியாகத்தான் திருப்பித் தர வேண்டும் என்பது விதி, தந்துவிட்டேன். பெரிய கோப்புகளை இணையத்தில் ஏற்ற முடியாதபடி அடைத்திருக்கிறார்கள். பென் டிரைவ் செருகும் துளைகளின் மேல் ஊதா மை முத்திரை போட்ட காகிதம் ஒட்டியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் பொருளாதாரத் துறை டோனி அந்தக் காகிதத்தைக் கிழித்தார். மாணவர்களுக்குப் படம் காட்டத்தான் கிழித்தார். அவர் இப்போது துவாக்குடியில் டியூஷன் எடுக்கிறார்.

சிங்காரத்தோப்பில் லேப்டாப் சரிபார்க்கும் கடை வைத்திருக்கும் ஹாலித்திடம் கொண்டுபோனேன். கேட் பாஸ் இல்லாமல், பையில் துப்பட்டாவைச் சுற்றி. அவர் திறக்கவில்லை. காதருகே வைத்துக் கேட்டார்.

"மேடம், டிஸ்க் போகப்போகுது. இப்பவே காப்பி எடுத்தா முக்கா மணி நேரம். புதுசு ஒண்ணு போட்டு, இதுல இருக்கறதை அப்படியே அதுல மாத்திடலாம்."

"திறந்தா எனக்கு மெமோ வரும் பாய்."

அவர் லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவைத்தார். "அப்ப முறைப்படி எழுதிக் கொடுத்து வாங்கிட்டு வாங்க. ரெண்டு தினுசு இருக்கு. நிமிஷத்துக்கு ஐயாயிரத்து நானூறு தடவை சுத்தறது ஒண்ணு, மெதுவா வேலை செய்யும். ஏழாயிரத்து இருநூறு சுத்தறது ஒண்ணு, வேகம் ஜாஸ்தி. இப்ப எல்லாரும் எஸ்.எஸ்.டி.தான் போடறாங்க, அதுல சுத்தறதே எதுவும் கிடையாது. எதுவா இருந்தாலும் சரி, அதுவரைக்கும் இதை ஆன் பண்ணிடாதீங்க. இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

போகும்போது முப்பத்திரண்டு ஜி.பி. பென் டிரைவ் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் இருதயநாதன் மிகவும் மரியாதையான மனிதர். இருபத்திரண்டு வருடத்தில் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை என்பார்கள். உயர்த்தவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

"கம்ப்யூட்டர் பொருளுக்குப் படிவம் ஒன்பதுங்க மேடம். அதுல மவுஸ் இருக்கு, கீபோர்டு இருக்கு. ஹார்ட் டிஸ்க்குன்னு இல்லையே." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இது சுத்துமா?"

"சுத்தும்."

"எத்தனை சுத்து?"

சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்தது. "அப்ப மோட்டார். படிவம் பதினாலு. சுற்று எண்ணிக்கைன்னு தனிக் கட்டமே இருக்கு பாருங்க."

சுற்றாத வகையும் இருக்கிறது, அதையே வாங்கிவிடலாமே என்றேன். அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். "கட்டத்தை வெறுமையா விடக்கூடாது. பூஜ்யம்னு எழுதினா ஓடாத மோட்டார்னு ஆயிடும். ஓடாததை யாராவது புதுசா வாங்குவாங்களா மேடம்? ஆடிட்ல என்னைக் கேப்பாங்க."

இப்படியாக என் ஹார்ட் டிஸ்க் மோட்டார் ஆயிற்று. குதிரைத் திறன் என்ற கட்டத்தில் 'இல்லை' என்றும், கிணற்றின் ஆழம் என்ற கட்டத்தில் 'பொருந்தாது' என்றும் எழுதினேன். 'பொருந்தாது' என்பதை அடித்துவிட்டு, லேப்டாப் இருக்கும் மேசையின் உயரத்தை எழுதச் சொன்னார். எழுதினேன்.

படிவம் பதினாலு, சுழலும் சாதனங்கள் கொள்முதல் துணைக்குழுவுக்குப் போகும். மின்விசிறி, தண்ணீர் மோட்டார், ஹாஸ்டல் கிரைண்டர் மூன்றுக்கும் அந்தக் குழுதான். பதினெட்டு நாள் கழித்துக் கூடியது. அந்தப் பதினெட்டு நாளில் வளர்மதி மூன்று முறை போன் செய்தாள். "சும்மாதாங்க மேடம் கேட்டேன்" என்று ஒவ்வொரு முறையும் முடித்தாள்.

குழுத் தலைவர் தேசிகன் சார். இயற்பியல் துறையிலிருந்து ஓய்வு பெற்று, ஆலோசகராகத் தொடர்பவர். உறுப்பினர்கள் இரண்டு பேர். ஹாஸ்டல் வார்டன் ரோசரி மேடம், கணிதத் துறை ஷேக் தாவூது சார். நடுவில் மேசை மேல், அணைத்து மூடிய நிலையில், என் லேப்டாப். நான் கதவோரம் நின்றேன். மோட்டார் வேண்டுவோர் நின்றுகொண்டே விளக்கம் தருவது வழக்கம்.

"வேகமே வேண்டாம்" என்று ரோசரி மேடம் ஆரம்பித்தார். "போன வருஷம் வேகமான கிரைண்டர் வாங்கினோம். என்ன ஆச்சு? மாவு சூடேறிப் போச்சு. நாப்பது நாள் பிள்ளைங்க இட்லியைத் தொடல. நான்தானே பதில் சொன்னேன். இந்தப் பொண்ணோட ஆராய்ச்சியும் சூடேறிப் போனா யார் பதில் சொல்றது?"

ஷேக் தாவூது சார் ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "மேடம், நிமிஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறு சுத்து ஜாஸ்தி. நாளைக்கு இருபத்தஞ்சு லட்சத்துத் தொண்ணூத்திரண்டாயிரம் சுத்து. கல்லூரிக்கு வரவேண்டிய இத்தனை சுத்தை நாம ஏன் விடணும்? சுத்தி என்ன செய்யும்ங்கறது நம்ம குழுவோட வேலை இல்ல. எத்தனை சுத்துங்கறதுதான் நம்ம வேலை."

"சார்," என்றேன், "எது வாங்கினாலும் எனக்குச் சம்மதம். மெதுவானதே போதும். பழசு எந்த நேரமும் நின்னு போயிடும். அதுல இருக்கிற குரல்கள்..."

"வேகம் வேண்டாம்னு பயனாளியே சொல்றாங்க, குறிச்சுக்குங்க" என்றார் ரோசரி மேடம்.

"வேகமானது வாங்கினாலும் சம்மதம்னும் சொன்னாங்க, அதையும் குறிச்சுக்குங்க" என்றார் ஷேக் தாவூது சார்.

இருவரும் ஒன்றே கால் மணி நேரம் பேசினார்கள். நடுவில் பக்கோடா வந்தது. கடைசியில் தேசிகன் சார் கண்ணை மூடித் திறந்தார். "நான் அம்பது வருஷமா பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன். ரெண்டு பேர் சொல்றதும் வாஸ்தவம்தான். ஒருத்தர் மனசும் நோகப்படாது. ஐயாயிரத்து நானூறும் ஏழாயிரத்து இருநூறும் கூட்டி, ரெண்டால வகுங்கோ."

ஷேக் தாவூது சார் வகுத்தார். நிமிடத்துக்கு ஆறாயிரத்து முந்நூறு சுற்று. ஒருமனதாக நிறைவேறியது. மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி வரும்படி எனக்கு உத்தரவு.

அப்படி ஒரு டிஸ்க் உலகத்திலேயே இல்லை என்று அங்கேயே சொன்னேன். இல்லை என்பதற்கும் மூன்று கடைகளின் கடிதம் வேண்டும் என்றார்கள்.

ஹாலித் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, லெட்டர்பேடில் எழுதிக்கொடுத்தார்: 'ஆறாயிரத்து முந்நூறு இல்லை. இருந்ததில்லை. வராது.' மற்ற இரண்டு கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். புத்தூரில் ஒருவர், வீட்டில் யாராவது துணைக்கு வந்திருக்கிறார்களா என்றுகூடக் கேட்டார்.

கடிதங்களை நேரில் கொண்டுவரச் சொன்னார் தேசிகன் சார். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். உத்திர வீதியில் அவர் வீடு. கூடத்தில் உட்காரவைத்து, காபி கொடுத்து, மூன்று கடிதங்களையும் இரண்டு முறை படித்தார்.

"பதறப்படாது குழந்தை. பெருமாள் புறப்பாடு சேவிச்சிருப்பேளோ, மாட்டேளோ, தெரியலை. எத்தனை நிதானமா எழுந்தருள்றார் தெரியுமோ? நாலடி வைப்பர், நிப்பர். நாலடி, நிப்பர். அவருக்கே அவசரம் இல்லை. உங்க மோட்டாருக்கு என்ன அவசரம்?"

"சார், மோட்டாருக்கு அவசரம் இல்ல. அதுல ஒரு செத்துப்போன மனுஷரோட குரல் இருக்கு. அவர் பொண்ணு கேக்குது."

அவர் கடிதங்களைக் கீழே வைத்தார். இரக்கம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். "செத்துப்போனவருக்குக் காலம் ஏது?" என்றார். "அவர் பேசினது அப்படியே இருக்கும். எங்கே போயிடப்போறது?"

காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். வீதியில் வெயில் கொளுத்தியது. பஸ் நிறுத்தத்தில் நின்று கொஞ்சம் அழுதேன். அழுதுகொண்டே பையைத் தடவிப் பார்த்தேன். பென் டிரைவ் இருந்தது.

மே மாதக் கடைசியில் குழு மறுபடி கூடி ஒரு தீர்வு கண்டது. ஏழாயிரத்து இருநூறு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஆறாயிரத்து முந்நூறைத் தாண்டி ஓடாதபடி பயனாளி பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். நிமிடத்துக்கு ஆறாயிரத்து முந்நூறுக்கு மேல் சுற்ற விடமாட்டேன் என்று நான் எழுதிக்கொடுத்தது இன்னும் கல்லூரியில் இருக்கிறது.

ஜூன் முதல் வாரம் புது டிஸ்க் வந்தேவிட்டது. ஸ்டோர்ஸில் கண்ணாடி பீரோவுக்குள், இரண்டு பெரிய மோட்டார்களுக்கு நடுவில், சோப்பு டப்பா அளவில் உட்கார்ந்திருந்தது. கை நீட்டினேன்.

"பழசுக்குப் பழுதுச் சான்று வந்தாத்தான் புதுசு தரலாம் மேடம்" என்றார் இருதயநாதன்.

"ரெண்டும் ஒரே நேரத்துல கையில இருந்தாத்தானே சார் பழசுல இருந்து புதுசுக்கு மாத்த முடியும்?"

"ஒருத்தர்கிட்ட ரெண்டு மோட்டார் இருந்தா, ரெண்டு கிணறு இருக்கான்னு ஆடிட்ல கேப்பாங்க." விதிப் புத்தகத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார். யாரோ எந்தக் காலத்திலோ நல்ல மோட்டாரைப் பழுது என்று எழுதி வீட்டுக்குத் தூக்கிப் போனதால் வந்த விதி: 'பழுது எனக் கூறப்படும் மோட்டாரைத் தொடர்ந்து எட்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, ஓடாது என உறுதியான பின்னரே சான்று வழங்கப்படும்.'

"ஓட்டினா செத்துடும் சார். ஓட்டவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"செத்தாத்தானே மேடம் சான்று தர முடியும்" என்றார். கேலி இல்லை. விளக்கினார், அவ்வளவுதான்.

முதல்வரைப் பார்க்கப் போனேன். அவர் தரச்சான்றுக் குழுவை வரவேற்கும் ஏற்பாட்டில் இருந்தார். "எல்லாம் ப்ராசஸ்ல இருக்குதானே?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "வெரி குட்" என்றார்.

சோதனை ஒரு வியாழக்கிழமை நடந்தது. சாட்சிப் பதிவேடு பம்ப் ரூமில் இருப்பதால் சோதனையும் பம்ப் ரூமில்தான். காலை ஒன்பது மணிக்குக் கிணற்றோரச் சிமென்ட் மேடையில் லேப்டாப்பை வைத்து, இருதயநாதன் முன்னிலையில் ஆன் செய்தேன். ஐம்பத்தோரு நாளுக்குப் பிறகு திரை வெளிச்சம் வந்தது. டிக், டிக். ஒன்பதுக்கு அவர் 'ஓடுகிறது' என்று எழுதினார். பத்துக்கு 'ஓடுகிறது'. பதினொன்றுக்கு 'ஓடுகிறது, சத்தம்'. பக்கத்தில் பெரிய மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருப்பவள் போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு எழுதி முடித்ததும் இருதயநாதன் பேனாவை மூடினார். கதவருகே போய் நின்றார்.

"மேடம், நான் டீ குடிக்கப் போறேன். இன்னிக்கு எனக்கு அரை மணி நேரம் ஆகும்." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்க. அந்த முத்திரை பழைய பசைதாங்க. சூட்டுல தானா உரிஞ்சாலும் உரிஞ்சுக்கும்."

போய்விட்டார்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் செய்த ஒரே விதிமீறல் அதுவாகத்தான் இருக்கும். அது எனக்குப் புரிந்தது. பென் டிரைவைக் கையில் எடுத்தேன். மருதையின் பதிவு மட்டும் என்றால் அந்த அரை மணி நேரம் தாராளம். காகிதத்தின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். வைத்ததும் டோனி ஞாபகம் வந்தார். என்னைத்தான் சோதித்துப் பார்க்கிறார்களோ என்று தோன்றியது. கதவுக்குப் பின்னால் ரோசரி மேடம் நிற்கிறாரோ என்று தோன்றியது. அன்றைக்குத் தேதி பதினெட்டு. இருபத்தைந்தாம் தேதி என் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். வீட்டு வாடகை, என் கணவர் மார்ட்டினுக்கு வேலை போய் நாலு மாதம், எல்லாம் அந்தக் காகிதத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

முத்திரையைத் தொடாமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் கல்லூரியில் ஆறு வருடம் இருந்தால் இந்தச் சாமர்த்தியம் வந்துவிடும். மருதையின் கோப்பைத் திறந்து, லேப்டாப்பில் ஓடவிட்டு, கிடைத்தவரை என் போனில் ஒலிப்பதிவு செய்துகொள்வது. போனில் பதிவு செய்யக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. கோப்பின் மேல் இரண்டு முறை தட்டினேன். சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. போனை ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அஞ்சு நிமிடம். பத்து நிமிடம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மருதையண்ணே, ஒரு வார்த்தை பேசுங்க என்று வாய்விட்டே சொன்னேன். டிக் என்று ஒரு சத்தம் வந்தது. அடுத்த டிக் வரவில்லை. திரை நீலமாகி, பிறகு இருண்டது.

இருதயநாதன் சொன்னபடி சரியாக அரை மணி நேரம் கழித்து வந்தார். முதலில் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து முத்திரையைப் பார்த்தார். ஊதா மை கலையாமல் முழுசாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணும் பண்ணலையா மேடம்?"

பென் டிரைவைப் பைக்குள் போட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பதிவேட்டில் 'ஓடவில்லை' என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. பழுதுச் சான்று அன்று மாலையே கிடைத்தது. எங்கள் கல்லூரி வரலாற்றில் ஒரு சான்று அதே நாளில் கிடைத்தது அதுதான் முதல் முறை என்றார்கள்.

ஹாலித்திடம் பழைய டிஸ்க்கைக் காட்டினேன். பழுதான பின் அதை வெளியே கொண்டுபோக எந்தத் தடையும் இல்லை. சென்னைக்கு அனுப்பிப் பார்த்தார். உள்ளே தகடே கீறிப்போய்விட்டது, ஒன்றும் தேறாது என்று பதில் வந்தது. "முத நாளே முக்கா மணி நேரம் கொடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இருபத்தைந்தாம் தேதி எனக்கு ஏழாவது வருடம் கிடைத்தது. 'விதிமுறைகளை மதித்து நடப்பவர்' என்று முதல்வர் தம் கைப்படவே குறிப்பு எழுதியிருந்தார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கூடுதல் கால அவகாசமும் கேட்காமலே கொடுத்தார்கள். புது டிஸ்க் அருமையாக வேலை செய்கிறது. ஆன் செய்த நொடியில் திரை வந்துவிடுகிறது. திறந்து பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் வளர்மதி போன் செய்தாள். நாலு தடவை அடித்து ஓய்ந்து, ஐந்தாம் தடவை எடுத்தேன்.

"மேடம், வேலையா இருக்கீங்களா? அப்பா பேசினதுங்க..."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். வந்தது வேறு.

"கமிட்டியில வச்சிருக்கும்மா. ப்ராசஸ்ல இருக்கு. ஆர்டர் வந்ததும் நானே கூப்பிடறேன்."

என் குரல் மரியாதையாக, அமைதியாக இருந்தது. கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"சரிங்க மேடம்" என்றாள் வளர்மதி. "எங்களுக்காக இவ்வளவு அலையறீங்க. அவசரமே இல்லைங்க, நான் காத்திருக்கேன்."